பூச்சியத்திலிருந்து பத்து வரை

ஐந்தாம் நாள்.
பீல் நகரத்தின் மேல் புகார் இறங்கி
ஏரி எந்தப் பக்கம் என்றே தெரியாத காலை.
சமையலறையில் நின்றபடி கோப்பி குடிக்கிறேன்,
நின்றபடி கடிதம் பிரிக்கிறேன்,
நின்றபடி வாடகை கட்டுகிறேன்.
கதிரைகள் நான்கும்
அழையாமல் வந்த விருந்தாளிகளைப் போல
என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன.

மூலம்.
இந்த நோய்க்கு நாங்கள் வைத்த பெயரைப் பாருங்கள்.
வேரும் அதுதான், தொடக்கமும் அதுதான்,
வானத்தில் ஒரு நட்சத்திரம்,
மொழிபெயர்க்க முதல் இருந்த பிரதி.
நானோ மொழிபெயர்ப்பாளி.
மூலத்தில் கைவைக்கக் கூடாது என்பது
எங்கள் தொழிலின் முதல் விதி.
சத்திரசிகிச்சை செய்கிறவருக்கு
அப்படி ஒரு விதி இல்லை.

பத்தொன்பது வருஷம்
இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில்
சிறுநீரகக் கல்லும் பிரசவமும் முறிந்த தோளும்
என் வாயால் பேசின.
‘அவருக்கு நோகிறதாம்’ என்று சொல்லக்கூடாது.
‘எனக்கு நோகிறது’ என்றே சொல்லவேண்டும்.
எத்தனை பேருடைய எனக்கு!
எனக்கு வந்தபோது
இரண்டு வருஷம் வாய் திறக்கவில்லை.
குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்குள் இருந்தேன்.
கேட்டவர்களுக்கு நாரிப்பிடிப்பு என்றேன்.

தாதி கொரின், நகங்களை ஒட்ட வெட்டின பெண்,
பூச்சியத்திலிருந்து பத்து வரை எத்தனை என்று கேட்டாள்.
மூன்று, என்றேன்.
கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.
அவள் எழுதினது ஏழு.
‘நோ வந்தபிறகு குளிசையைத் தேடாதீங்கள்.
ரயில் வரமுதல் மேடைக்குப் போவீங்கள்தானே?
அப்படி.’

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை.
ஆறு மணிக்கு வெள்ளைக் குளிசை, ஒன்பதுக்கு ரோஸ்.
தோடம்பழ மணத்தில் ஒரு தூள்,
அதன்மேல் இரண்டு கிளாஸ் தண்ணீர்.
கத்தரிக்காயில் மிளகாய்த்தூள் இல்லாத கறி,
அதைக் கறி என்று சொன்னால்.
பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பதினைந்து நிமிஷம்,
மகனைக் குளிப்பாட்டின அதே நீலப் பேசினில்.
அவனுக்கு இப்போது மீசை.
தன் பழைய நீச்சல் வளையத்தை ஊதி
கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்,
ஒரு சொல்லும் சொல்லாமல்.
அதில் மஞ்சள் வாத்துகள்.

மூன்றாம் நாளைப் பற்றி எழுதமாட்டேன்.
சுவர் ஓடுகளை எண்ணினேன்.
குறுக்கே பதினொன்று.
மேலே எத்தனை என்று
எண்ணி முடிக்கவில்லை.

எரிவு, கடுப்பு, குத்து, உளைவு,
விண்விண்ணென்று தெறிக்கிறது.
இத்தனைக்கும் அவசரத்தில்
ஒரே ஜெர்மன் சொல்லைப் போட்டு வந்திருக்கிறேன்.
யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

பத்து மணிக்குத் தொலைபேசி.
லீவில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார்கள்,
நானும் சொல்லவில்லை.
தூன் நகரத்தில் ஒரு வார்ட்.
நல்லையா என்று ஒருவர், குடலிறக்கம் வெட்டி இரண்டு நாள்.
டொக்டர் எண் கேட்கிறார்.
‘பரவாயில்லை தங்கச்சி.’

அந்தச் சொல்லை நான்
நூறு தடவை சமாளிக்கலாம் என்று ஆக்கிக் கொடுத்தேன்.
நூறு தடவையும் அவர்கள் மூன்று என்று எழுதியிருப்பார்கள்.
கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:
‘டொக்டர், இது மொழிபெயர்ப்பாளி பேசுகிறேன்.
அவர் சொன்னது எண் இல்லை, மரியாதை.
ஒருக்கா எழும்பி நிற்கச் சொல்லிவிட்டுக்
கேளுங்கள்.’

கட்டில் கிறீச்சிட்டது.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
‘அம்மா’ என்றார்.
அதற்கு ஜெர்மன் கேட்கவில்லை எவரும்.

போனை வைத்தபோது
ஒன்பது மணிக் குளிசை மேசையிலேயே கிடந்தது.
பேசினில் தண்ணீர் பச்சையாய்க் குளிர்ந்திருந்தது.
கேத்திலைத் திரும்பப் போட்டேன்.
ஆறு, என்றேன் சத்தமாய், நின்றபடி.
எண்ணா, புண்ணுக்குச் சொன்னதா என்று
கேத்தில் கேட்கவில்லை.